ஷம்ஸியாவின் பாலும் மாமனாரின் புண்ணாக்கும்

அம்பாசமுத்திரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்பக்கத் தெருவில் நுழைந்தால் மீரா முகைதீன் கடையைக் கண்ணால் தேட வேண்டியதில்லை; மூக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எள்ளுப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு, கம்பெனித் தீவனம் என்று மூட்டைகள் கூரையைத் தொட நிற்கும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாபநாசம் வரை மாடு வைத்திருக்கிற சம்சாரிகளுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. எந்த மாடு எப்போது கன்று போட்டது, எது மடிநோய் கண்டு கிடந்தது என்று பேர் சொல்லி விசாரிப்பார். ஆனால் சொந்தமாக ஒரு மாடு அவர் வைத்ததில்லை. கடையைப் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது.

அந்த வீட்டுக்கு ஷம்ஸியா ஏர்வாடியிலிருந்து மருமகளாக வந்தாள். அவள் வாப்பா தையல்காரர். மாடு எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதற்கு மேல் அவளுக்கு மாட்டைப் பற்றி எதுவும் தெரியாது. வீடும் கடையும் ஒட்டினாற்போல் இருந்ததால் துணியிலும் தலையணையிலும் புண்ணாக்கு வாடை அடித்தது. வந்த புதிதில் தலைவலியோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து மாமியார் ஆபிதா பீவி சிரித்தார். ஒரு வருஷம் போனால் இப்படி ஒரு வாடை இருப்பதே உனக்குத் தெரியாது என்றார். அப்படித்தான் ஆயிற்று. மாமியார் மவுத்தான பிறகு வீட்டில் ஷம்ஸியா, அவள் மகள் ஷஃபீகா, மாமனார் என்று மூன்று பேர். கணவன் ரசீத் சவூதியில் இருந்தான்.

ரசீத்துக்கும் மாட்டு வேலைதான். பாலைவனத்துக்கு நடுவில் ஒரு பெரிய பால் பண்ணை. நம் ஊர் ஜனத்தைவிட அங்கே மாடுகள் அதிகம் என்பான். எல்லாம் கறுப்பு வெள்ளை. கூரையிலிருந்து காற்றும் தண்ணீர்த் தூறலும் விழுந்துகொண்டே இருக்கும். வரிசையாக வந்து சுழலும் மேடையில் ஏறும் மாடுகளின் மடியைத் துடைத்து மெஷினை மாட்டிவிடுவது அவன் வேலை. எந்த மாட்டுக்கும் பேர் கிடையாது, காதில் நம்பர் தொங்கும். கறவை குறைந்தால் அது லாரியில் ஏறிப் போய்விடும். “பொறந்ததுலருந்து இதுங்க ஒரு மழை பாத்ததில்ல ஷம்ஸியா” என்று ஒருநாள் போனில் சொன்னான். அதை எதற்காகத் தன்னிடம் சொல்கிறான் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

கொரோனா வந்த வருஷம் மாசி மாதம் லீவில் வந்தவன் இங்கேயே மாட்டிக்கொண்டான். விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது கம்பெனி அவனைக் கூப்பிடவில்லை. அவனும் இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டான்.

அந்த ஊரடங்கில்தான் எல்லாம் தொடங்கியது. கடைக்கு லோடு வரவில்லை. பாக்கெட் பாலும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த இசக்கித்தாயிடம் ஷம்ஸியா பால் வாங்கப் போனாள். இசக்கித்தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். புருஷன் கேரளத்தில் கொத்தனார். இரண்டு மாடு வைத்திருந்தாள். தீவனம் கிடைக்காததால் இரண்டும் பகல் முழுக்க ஆற்றங்கரைப் புல்லிலேயே மேய்ந்தன. அந்தப் பால் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. பால் என்றாலே குமட்டுகிறது என்று சிறு வயதிலிருந்து ஒதுக்கி வந்த ஷம்ஸியா, காய்ச்சி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு வாய். தம்ளர் காலியான பிறகுதான் குமட்டவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

இந்தப் பாலை ஊரில் யாராவது விற்கிறார்களா என்று ரசீத்திடம் கேட்டாள். யார் விற்பார்கள், புல் மட்டும் தின்கிற மாடு எவ்வளவு கறக்கும் என்று அவன் சிரித்தான். ஆனால் அதன் பிறகு அவன்தான் தூங்கவில்லை. போனில் எங்கெங்கோ பண்ணைகளைப் பார்த்தான். மாட்டைக் கட்டிப்போட்டுத் தீனியை அதன் வாய்க்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக, மாட்டைப் புல்லுக்கு நடத்திப் போகிற பண்ணைகள். இரண்டு வாரம் கழித்து இசக்கித்தாயின் இரண்டு மாடுகளையும் சேர்த்துக்கொண்டு, பாலில் வருவதைப் பங்கு பிரித்துக்கொள்வதென்று மூவரும் பேசி முடித்தார்கள்.

முதலில் தவறியது ரசீத்துக்குத்தான். பழக்க தோஷத்தில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளை மாட்டை வாங்கி வந்தான். புல்லை மட்டும் தின்று அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் தோளெலும்பு துருத்திக்கொண்டது. அதைத் தீவனம் போட்டு வளர்க்கிற ஒருவரிடம் விற்றுவிட்டு, களக்காட்டுப் பக்கம் போய்ச் சின்ன உடம்புக்காரச் செவலை மாடுகளாகப் பார்த்து வாங்கினார்கள். கறவை குறைவு, ஆனால் வெயில் தாங்கும், நடக்கும்.

புல்லுக்குத்தான் பெரும்பாடு. நெல் வயல் வரப்புகளில் புல் இருக்கிறது, ஆனால் களைக்கொல்லி அடிக்காத வரப்பு எது என்று யாரைக் கேட்பது? வைக்கோலும் மருந்தடித்த வயலிலிருந்து வருவதுதான். கடைசியில் ஆற்றுப்படுகையில், முன்பு வாழை போட்டிருந்த ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஒரு பூவுக்கு, அதாவது ஒரு போகத்துக்கு, எதுவும் போடாமல் சும்மா கிடக்கவிட்டு, சாணத்தை மட்டும் கொட்டி, பிறகு புல்லை ஏறவிட்டார்கள். ரசீத் நிலத்தைக் கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்தான். மாடுகள் ஒரு பாத்தியில் மேய்ந்து முடித்தால் அடுத்ததற்குப் போகும். மேய்ந்த பாத்தி மறுபடி தழையும்வரை அந்தப் பக்கம் விடுவதில்லை. படுகை என்பதால் சித்திரை வெயிலிலும் பச்சை மாறவில்லை. நஞ்சையில் புல் வளர்க்கிற குடும்பம் என்று டீக்கடையில் சிரித்தார்கள். ரசீத் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போவதை நிறுத்திக்கொண்டான்.

பால் விற்கும் வேலை ஷம்ஸியாவுடையது. அந்நியர் வீட்டு வாசலில் நின்று பேசியறியாதவள் அவள். கண்ணாடி பாட்டில்களை ஸ்கூட்டரின் முன்னால் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, பாலத்தைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி வரை போவாள். முதலில் வாங்கிய வீடுகளில் பாதிப் பேர் திருப்பிக் கொடுத்தார்கள். மஞ்சளாக இருக்கிறது, எதையோ கலக்கிறீர்கள் என்றார் ஒருவர். ஆடை கட்டவில்லை, தண்ணீர்ப் பால் என்றார் இன்னொருவர். மழைக்காலத்தில் பச்சை வாடை வருகிறது என்று ஒரு வீட்டில் வாசலிலேயே கொட்டினார்கள். ஷம்ஸியா ஒவ்வொரு வீட்டிலும் நின்று சொன்னாள்: பச்சைப் புல்லில் இருக்கிற நிறம்தான் பாலில் வருகிறது, புல் மாறினால் பாலும் மாறும். சொல்லிச் சொல்லி அவளுக்குப் பேச வந்துவிட்டது. பள்ளிக்கூட டீச்சர் பிரேமலதா மட்டும் முதல் நாளிலிருந்தே வாங்கினார். படுத்த படுக்கையாகக் கிடந்த அவர் அப்பாவுக்கு இந்தப் பால் வயிற்றைப் பிடுங்காமல் இருந்ததாம்.

இயற்கைப் பால் என்று சான்றிதழ் எதுவும் அவர்களிடம் கிடையாது. கேட்டவர்களிடம், படுகைக்கு வந்து பாருங்கள் என்பாள். ஒன்றிரண்டு பேர் வந்து பார்த்தார்கள். மற்றவர்கள் அவள் வார்த்தையை நம்பி வாங்கினார்கள்.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்திருந்த ஷஃபீகா ஒரு லீவில் வந்தபோது, பாட்டிலில் ஒட்ட ஸ்டிக்கர் ஒன்று வரைந்து அச்சடித்துக் கொண்டுவந்தாள். பச்சை நிறத்தில் ஒரு மாடு. அதன் கீழே, ‘புல் மட்டுமே. புண்ணாக்கு இல்லை. தீவனம் இல்லை.’

மேஜை மேல் இருந்த பாட்டிலை மீரா முகைதீன் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அதுவரை மகனும் மருமகளும் செய்வதை அவர் தடுத்ததில்லை, பாராட்டியதும் இல்லை. பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார்.

“ஷம்ஸியா, நான் விக்குத சரக்கு என்ன ஹராமா?”

அவள் பதறிப்போனாள். அப்படியெல்லாம் இல்லை மாமா, வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள், அதனால்தான் என்று ஏதேதோ சொன்னாள். அவர் கடைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் பால் விட்ட சாயா குடிப்பதில்லை. கேட்டால், வயசாகிவிட்டது, செரிக்கவில்லை என்பார். தான் பிறந்த நாளிலிருந்து தின்ற சோறு புண்ணாக்கில் வந்த சோறு என்பது ரசீத்துக்கும் தெரியும். ஆனாலும் தகப்பனிடம் போய் உட்கார்ந்து அதைப் பேச அவனுக்கு நாக்கு எழவில்லை. ஸ்டிக்கர் பாட்டிலில் அப்படியே இருந்தது. பாலும் நன்றாகப் போயிற்று. இரண்டு மாடு எட்டு மாடாயிற்று.

பிறகு அந்த மார்கழி வெள்ளம்.

மார்கழி பிறந்த அன்று விடாமல் கொட்டியது மழை. விடியும் முன்பே இசக்கித்தாய் நனைந்தபடி ஓடிவந்து கதவைத் தட்டினாள். ஆறு படித்துறையை மூடிவிட்டது என்றாள். ரசீத்தும் அவளும் படுகையில் போட்டிருந்த கொட்டிலுக்குப் போய் மாடுகளை அவிழ்த்தபோது தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. கடைசி மாட்டை மேட்டுக்கு ஏற்றியபோது முழங்காலைத் தாண்டிவிட்டது. எட்டு மாட்டையும் ஊருக்குள் ஓட்டி வந்து எங்கே கட்டுவது என்று தெரியாமல் தெருவில் நின்றார்கள். மீரா முகைதீன் கடைக்குப் பின்னால் இருக்கும் தன் கிட்டங்கியைத் திறந்துவிட்டார். மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கச் சொல்லி, தானே குனிந்து ஒன்றிரண்டை இழுத்தார். அந்த எட்டில் செவலை என்று கூப்பிடுகிற மாடு கன்று போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதைக் காற்றுப்படாத மூலையில் கட்டச் சொன்னார்.

வெள்ளம் வடிந்து போய்ப் பார்த்தால் கொட்டில் இருந்த இடத்தில் ஒரு தென்னை மரம் வேரோடு கிடந்தது. புல் இருந்த இடம் முழுக்க மணலும் வண்டலும். கயிறு கட்டிய குச்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரசீத் அந்தச் சேற்றின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வண்டலைக் கையால் கிளறிக்கொண்டிருந்தான் என்று இசக்கித்தாய் பிறகு சொன்னாள்.

கிட்டங்கியை ஒட்டிய காலி இடத்தில் தகரம் போட்டு மாடுகளை வைத்துக்கொண்டார்கள். ரசீத் பகலெல்லாம் படுகையில் மணலை வாரி ஒதுக்கினான். இசக்கித்தாய் மேட்டுப்பாங்கான இடங்களாகத் தேடிப் போய்ப் புல்லறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். ஊரில் எல்லா மாட்டுக்காரர்களும் அதே புல்லைத்தான் தேடினார்கள். எட்டு மாட்டுக்கு அது எம்மாத்திரம். சில வீடுகளுக்குப் பாலை நிறுத்தி, மிச்ச வீடுகளுக்கு மட்டும் ஷம்ஸியா கொண்டுபோனாள். வெள்ளத்திலும் பால் வந்ததே என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

தை பிறந்து சில நாள் கழித்து, பிரேமலதா டீச்சர் வாசலில் நிறுத்திச் சொன்னார். இப்போதெல்லாம் பால் எவ்வளவு நன்றாக இருக்கிறது, வெள்ளை வெளேரென்று, ஆடை கெட்டியாக, தயிர் கட்டி கட்டியாக உறைகிறது என்றார். ஷம்ஸியாவுக்கு முதலில் மகிழ்ச்சியாக இருந்தது. ஸ்கூட்டரில் பாலத்தின் மேல் வரும்போதுதான் டீச்சர் சொன்னதில் ஏதோ இடிப்பது உறைத்தது. புல்லே இல்லாத நேரத்தில் பால் எப்படிக் கெட்டியாகும்? செவலை கொஞ்ச நாளாகவே கூடுதலாகக் கறந்தது; கன்று போட்ட மாடு என்று அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை.

இசக்கித்தாயிடம் கேட்டாள். எனக்கென்ன தெரியும் அக்கா என்று அவள் தலையைத் திருப்பிக்கொண்டு சாணத்தை அள்ளினாள்.

அடுத்த நாள் இரண்டு வீடு பூட்டியிருந்ததால் ஷம்ஸியா சீக்கிரமே திரும்பி வந்தாள். மதியம் லுஹர் தொழுகை முடிந்து தெரு அமர்ந்திருந்த நேரம். பள்ளிவாசலிலிருந்து வந்த மாமனார் கடைக்குள் நுழையும்போது வழக்கம்போல் இருமினார். அந்த இருமல் கேட்டதும் பின்னால் செவலை கத்தியது. மற்ற மாடுகளும் சேர்ந்து கத்தின. கறக்கப் போகும் தன்னைப் பார்த்துக்கூட அவை இப்படிக் கூப்பிட்டதில்லை. ஷம்ஸியா பைய எட்டிப் பார்த்தாள். ஊறவைத்த புண்ணாக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு மீரா முகைதீன் மாடுகளிடம் போய்க்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கைவரை சட்டையைச் சுருட்டியிருந்தார். செவலை வாளிக்குள் முகத்தை விட்டது.

“எத்தன நாளா மாமா?”

அவர் திடுக்கிட்டார். ஆனால் வாளியை மறைக்கவில்லை.

“வெள்ளம் வடிஞ்சு கொஞ்ச நாள்லருந்து.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா.”

“சொன்னா நீ விடுவியா?” அவர் குரல் உயரவில்லை. “இதோட விலாவப் பாத்தியாம்மா நீ? கன்னு போட்ட மாடு. நீங்க கொண்டாந்து போடுத ரெண்டு கத்த புல்ல வச்சு அது தன் உடம்பப் பாக்குமா, கன்னப் பாக்குமா, ஒன் பாட்டிலப் பாக்குமா? பசிச்சுக் கத்துதத நான் இங்கன உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கணுமா? மாடு ஸ்டிக்கர் வாசிக்குமா?”

ஷம்ஸியாவுக்குக் கோபம் வந்தது. அதோடு செவலையைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். புண்ணாக்கு தின்ற பிறகும் விலா எலும்புகளுக்கு நடுவே பள்ளம் தெரிந்தது. தினமும் விடியலில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் வயிற்றில் தலையை அண்டக் கொடுத்துக் கறக்கிறவள் அவள். எத்தனை லிட்டர் என்று பார்த்தாளே தவிர இதைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். மாமனார் வாளி காலியாகும்வரை அங்கேயே நின்றார்.

சாயங்காலம் ரசீத் சேற்றுக் காலோடு வந்ததும் சொன்னாள். அவன் தகப்பனிடம் சண்டைக்குப் போவான் என்று பயந்திருந்தாள். அவன் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டான்.

“சரி, போட்டது போட்டாச்சு. புல்லு வந்ததும் நிறுத்திருவோம். யாருக்குத் தெரியப் போகுது?”

வாங்குகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்றாள் ஷம்ஸியா. அவன் நிமிர்ந்து பார்த்தான். நாலு வருஷமாகக் கட்டியதை ஒரு காலையில் உடைக்கப் போகிறாயா என்று கேட்டான். வெள்ளத்தில் போனது போதாதா, ஊரில் சிரிக்கிறவர்களுக்கு இன்னும் தீனி போட வேண்டுமா என்றான். அவன் பேசப் பேச அவளுக்கு அழுகை வந்தது. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

“அவங்க நம்மகிட்ட எதக் கண்டு வாங்குதாங்க மச்சான்? ஒரு கடுதாசி உண்டா, முத்திரை உண்டா? என் வாய் வார்த்ததான. அது அமானிதம்லா, நம்பி ஒப்படச்சது.”

ரசீத் எழுந்து வெளியே போய்விட்டான். காலையில் ஷம்ஸியா பாட்டில்களைக் கழுவப் போனபோது அவன் ஏற்கெனவே தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தான். பாட்டில்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் ஸ்டிக்கர்களைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு நாரை எடுத்துக்கொண்டாள்.

அன்று அவள் பால் கொண்டுபோகவில்லை. வெறுங்கையோடு போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று நடந்ததைச் சொன்னாள். மாமனாரின் பேரை எடுக்கவில்லை. புல் இல்லாததால் எங்கள் வீட்டில் மாடுகளுக்குப் புண்ணாக்கு போட்டிருக்கிறோம், ஒரு மாதமாக உங்களுக்கு வந்தது நாங்கள் சொன்ன பால் இல்லை என்று மட்டும் சொன்னாள். ஒரு வீட்டில், இதைச் சொல்லவா வந்தாய் என்று சிரித்தார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மாள் பேசாமல் கதவைச் சாத்தினார். பால் விற்கிற எல்லாப் பயல்களும் இப்படித்தான், நீயாவது சொன்னாயே என்றார் ஒரு பெரியவர். ஆனால் இனிமேல் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

பிரேமலதா டீச்சர் கடைசி வரை கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கினார்.

“ஷம்ஸியா, நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காத. எனக்கு இந்தப் பால்தான் பிடிச்சிருக்கு. இதையே கொடேன்.”

ஷம்ஸியா சிரித்துவிட்டாள். அந்த ஒரு நாளில் அவள் சிரித்தது அங்கேதான். இந்தப் பால் வேண்டுமென்றால் ஊரில் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் டீச்சர், எங்கள் பால் வரும்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் போனாள். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல் மறுபடி உட்கார்ந்தார். புல் வரும்வரை மாடுகளுக்குப் புண்ணாக்கு போடுங்கள் மாமா, ஒளித்துப் போட வேண்டாம் என்றாள். பால் இனி வீடுகளுக்குப் போகாது, சொசைட்டிக்குப் போகும். அங்கே புல் பால் என்று நாம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. செவலையின் கன்றுக்கு இரண்டு காம்பை விட்டுவிடலாம். எவ்வளவு போட வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

மீரா முகைதீன் தலையாட்டினார். “நீ வீடு வீடாப் போயி எம்பேரச் சொன்னியோ?” என்று கேட்டார்.

“இல்ல மாமா.”

“சொல்லியிருக்கலாம். நாந்தான போட்டேன்” என்றார்.

இதில் அடி வாங்கியது இசக்கித்தாய். சொசைட்டியில் கிடைக்கிற விலையில் பங்கு பிரித்தால் அவள் கைக்கு ஒன்றும் வரவில்லை. அவள் மறுபடி களையெடுக்கப் போனாள். “ஒங்க மனசு சுத்தத்துக்கு எம் பொழப்புலா போச்சு” என்று ஷம்ஸியாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அவளைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் ஷம்ஸியாவுக்கு உறைத்தது. இசக்கித்தாய்க்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்ற கோபம் ஷம்ஸியாவுக்கும் இருந்தது. இரண்டு பேரும் பத்துப் பதினைந்து நாள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தகரக் கொட்டிலில் நின்ற மாடுகளில் இரண்டு இசக்கித்தாயுடையவை. அவற்றைப் பார்க்க வந்தவள் சாணத்தை அள்ளினாள்; சாணத்தை அள்ளியவள் அடுத்த நாள் புல்லுக்கட்டோடு வந்தாள். இனி எதுவானாலும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசித்தான் என்று ஷம்ஸியா சொன்னாள். பார்க்கலாம் என்றாள் இசக்கித்தாய்.

வெள்ளம் கொண்டுவந்த வண்டல் வீணாகவில்லை. ரசீத் மணலை ஒதுக்கிய இடங்களில் முதலில் கோரையும் களையுமாக முளைத்தது. அதை மாடுகள் மிதித்து மடக்க, பங்குனி முடிவதற்குள் அருகு ஏறிவிட்டது. மாடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புண்ணாக்கிலிருந்து பிரித்தார்கள். கறவை குறைந்தது. பால் மறுபடி மஞ்சள் ஓடியது. சித்திரையில் ஷம்ஸியா பாட்டில்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பழைய வீடுகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் திரும்பி வந்தார்கள். கதவைச் சாத்திய அந்த அம்மாள் வாங்குகிறார். பிரேமலதா டீச்சரும் வாங்குகிறார், ஆடை கட்டவில்லை என்று வாரம் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டே. புதிய ஸ்டிக்கர் அடிக்கலாம் என்றாள் ஷஃபீகா. வேண்டாம் என்றாள் ஷம்ஸியா. எந்த மாதம் மாடு என்ன தின்கிறது என்று கேட்டவர்களுக்கு வாயால் சொல்கிறாள். புல் வற்றினால் அந்த வாரம் பால் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள்.

அடுத்த வெள்ளத்துக்கு முன்னால் மேட்டு நிலம் ஒன்று வேண்டும் என்பது மூவரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. மணிமுத்தாறு போகிற வழியில், மலையடிவாரத்தில் ஒரு புஞ்சை இருப்பதாகத் தகவல் சொன்னவர் மாமனார்தான். நிலத்துக்காரர் அம்பலவாணன் அவர் கடைக்கு வருகிறவர். பார்க்கப் போனபோது தானும் வருகிறேன் என்று ஷம்ஸியாவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். சாரல் தூறிக்கொண்டிருந்தது. நிலம் கல்லும் பொட்டலுமாகக் கிடந்தது, ஆனால் வேலியோரம் கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டு அடர்ந்திருந்தது. ஷம்ஸியா செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாக நடந்து, என்னென்ன புல் இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.

அம்பலவாணன் குடையைப் பிடித்தபடி அவள் போவதைப் பார்த்தார். என்ன போடப் போகிறீர்கள், வாழையா, தென்னையா என்று கேட்டார். புல் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“புல்லுக்குப் போயி யாராவது குத்தகைப் பணம் கொடுப்பாங்களா அண்ணாச்சி?”

“நாங்க கொடுப்போம் வே” என்றார் மீரா முகைதீன். “அந்தக் கெணத்துல தண்ணி கோடைக்கு நிக்குமான்னு மொதல்ல சொல்லும்.”